புற்றுநோயும் ஒளி மருத்துவமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள், விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பற்றியும் யாரேனும் தமிழில் பேச வேண்டும் என்று விரும்பினார். அதற்கு அவர் என்னைத் தேர்ந்தெடுத்ததுதான் வியப்பு. நான் மருத்துவன் அல்லன்; கல்லூரி வாயிலை மிதித்தவனும் அல்லன். மெட்ரிகுலேஷன் தேறி, இந்நாகபுரியில் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருபது ஆண்டுகளுக்கு மேல் காலந்தள்ளி வருபவன். ஆயினும் பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை எனக்கே விட்டுவிட்டமையால், கடந்த ஓராண்டாக என் மனத்தை விட்டு அகலாதிருக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். இரசாயனம் பயிலும் என் மகள் ஆங்கில ஏடுகளைப் படித்துப் பொருள் சொன்னாள். நம் சங்க உறுப்பினராகிய மருத்துவர் ஒருவர் நான் எழுதியதைப் பார்வையிட்டுத் தந்தார். நடை மட்டுமே என்னுடையது.

புற்றுநோய்க்கு வழங்கிவரும் வைத்தியங்களை இங்குள்ள பலரும் அறிவீர்கள். கத்தியால் அறுத்தெடுப்பது ஒன்று. கதிர்களால் சுட்டழிப்பது மற்றொன்று. கடுமையான மருந்துகளைக் குருதியிற் செலுத்துவது மூன்றாவது. உடலின் எதிர்ப்பு ஆற்றலைத் தட்டியெழுப்பும் மருந்துகளும் இப்பொழுது இவற்றோடு சேர்ந்துள்ளன. இவற்றால் உயிர் பிழைத்தோர் எண்ணற்றோர். இவற்றைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. எனினும் இவை அனைத்திற்கும் பொதுவான ஓர் இடர்ப்பாடு உண்டு. புற்றுநோய் வெளியிலிருந்து வந்த பகைவன் அன்று. நம் உடலின் உயிரணுக்களே கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் அந்நோய். பகைவனும் உறவினனும் ஒரே முகத்துடன் ஒரே வீட்டில் குடியிருந்தால், ஒருவனை மட்டும் அடிப்பது எங்ஙனம்? கத்தி அருகிலுள்ள நல்ல சதையையும் சேர்த்து எடுக்கிறது. கதிர் உமிழ்நீர்ச் சுரப்பியையும் வறளச் செய்கிறது. மருந்து தலைமயிரை உதிர்க்கிறது, குடலைப் புண்ணாக்குகிறது. நோய் உள்ள இடத்தில் மட்டும் வேலை செய்து, மற்ற இடங்களில் வாளாவிருக்கும் மருந்து ஒன்று கிடைக்காதா என்பதே நூறாண்டுகளாக ஆராய்ச்சியாளர்களின் ஏக்கம். அந்த ஏக்கத்திற்கு ஒளி ஒரு விடை தந்திருக்கிறது. முழு விடை அன்று, ஆயினும் விடைதான்.

அதன் அடிப்படை மிக எளியது. ஒரு வகைச் சாயத்தை உடலிற் செலுத்துகிறார்கள், அல்லது மேலே பூசுகிறார்கள். அச்சாயம் இருட்டில் இருக்கும் வரை ஏறத்தாழத் தீங்கற்றது. நோயுற்ற இடத்தில் அது சேர்ந்த பிறகு, அவ்விடத்தில் மட்டும் குறித்த நிறமுடைய ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளியை உண்ட சாயம் தான் பெற்ற ஆற்றலை அருகிலுள்ள பிராணவாயுவிடம் கொடுத்து விடுகிறது. நாம் மூச்சிழுக்கும் அதே பிராணவாயு, அக்கணத்தில் வெறிகொண்டதுபோல் ஆகித் தன்னைச் சூழ்ந்தவற்றையெல்லாம் எரித்து அழிக்கிறது. ஆனால் அவ்வெறிக்கு ஆயுள் மிகக் குறைவு. ஓர் உயிரணுவின் அகலத்தைக் கடப்பதற்கு முன்பே அது தணிந்துவிடும். எனவே எங்கே பிறந்ததோ அங்கேதான் அதன் அழிவு வேலை. இதனை ஒளியியக்க மருத்துவம் என்று நாம் சொல்லலாம். மருத்துவர்கள் போட்டோ டைனமிக் தெரபி என்கிறார்கள்.

நம்மில் ரயில்வேக்காரர் பலர் இருப்பதால் ஓர் உவமை கூறுகிறேன். ஒற்றைத் தடப் பாதைகளில் நீல் என்பவர் பெயரால் வழங்கிய பந்து டோக்கன் கருவியை மூத்தவர்கள் கையாண்டிருப்பீர்கள். இரு நிலையத்து மாஸ்டர்களும் ஒருங்கே இசைந்தாலன்றிப் பந்து வெளியே வாராது. பந்து கைக்கு வாராமல் வண்டி நகராது. இங்கும் அவ்வாறே. சாயம் மட்டும் இருந்தாற் போதாது. ஒளி மட்டும் விழுந்தாலும் போதாது. இரண்டும் கூடிய இடத்திலேதான் காரியம் நடைபெறும். பிராணவாயு மூன்றாவது ஆள். அது பெரும்பாலும் அங்கேயே காத்திருக்கிறது.

இவ்வுண்மை வெளிப்பட்ட விதம் சுவையானது. ஜெர்மனி நாட்டு மியூனிக் நகரில் ஹெர்மான் ஃபான் தாப்பைனர் என்னும் பேராசிரியரிடம் ஆஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர் பயின்று வந்தார். 1897–98ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், நீரில் வாழும் பரமீசியம் என்னும் நுண்ணுயிரின் மீது அக்ரிடின் என்ற சாயம் எவ்வாறு வேலை செய்கிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே அளவு சாயம்; ஒரே வகை உயிர். ஆயினும் ஒருநாள் அவை விரைவில் மாண்டன. மற்றொரு நாள் நெடுநேரம் பிழைத்திருந்தன. பிழைத்திருந்த நாளில் இடியும் மழையுமாக வானம் இருண்டிருந்தது என்று சொல்வார்கள். நம்மைப் போன்றவராயின் கணக்கில் தவறு என்று அந்த ஏட்டைக் கிழித்தெறிந்திருப்போம். அம்மாணவர் வெளிச்சத்தையும் கணக்கிற் சேர்த்தார்! சாயமும் ஒளியும் சேர்ந்தபோதே சாவு நேர்ந்தது என்பதை நிறுவி 1900இல் வெளியிட்டார். 1903இல் தாப்பைனரும் யெஸியோனெக் என்ற தோல் மருத்துவரும் இயோஸின் என்னும் செஞ்சாயத்தைத் தோற்புற்றின் மேல் தடவி ஒளியிற் காட்டினார்கள். பிராணவாயு இன்றி இவ்வினை நடவாது என்பதும் அடுத்த ஆண்டுகளில் தெளிவாயிற்று.

அதே 1903இல் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஃபின்ஸென் என்பாருக்கு மருத்துவத்திற்கான நோபெல் பரிசு கிடைத்தது. அவர் சாயம் எதுவுமின்றி ஒளியை மட்டுமே கொண்டு தோலைத் தின்னும் காசநோயைக் குணப்படுத்தியவர். ஆக, ஒளியும் மருந்தாகும் என்ற எண்ணம் அந்நாளிலேயே வேரூன்றிவிட்டது.

இங்கே நம் நாட்டுப் பெருமை ஒன்றையும் சொல்லலாம்; அளவோடு சொல்ல வேண்டும். நாட்டு மருந்துக் கடைகளில் கார்போக அரிசி என்று கேட்டால் கரிய சிறு விதைகளைத் தருவார்கள். தோலில் தோன்றும் வெண்புள்ளிகளுக்கு அதை அரைத்துத் தடவி வெயில் காட்டும் வழக்கம் இந்நாட்டு வைத்தியத்தில் மிகப் பழமையானது. அவ்விதையில் ஒளியால் தூண்டப்படும் ஸோராலென் என்ற பொருள் இருப்பதைப் பிற்காலத்து இரசாயனம் கண்டறிந்தது. ஆகவே மருந்தும் வெயிலும் கூட்டாக வேலை செய்யும் என்பதை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆனால் அது புற்றுநோய்க்கான மருந்து அன்று. அது வேலை செய்யும் முறையும் வேறு. அளவு மீறி நெடுநாள் கையாண்டால் ஸோராலென் சிகிச்சையே தோற்புற்றுக்கு இடம் கொடுக்கும் என்று இன்றைய மருத்துவம் எச்சரிக்கிறது. எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று மார்தட்டுவோர் இதன் பிற்பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

மீண்டும் ஜெர்மனிக்கு வருவோம். நம் குருதிக்குச் செந்நிறம் தரும் பொருளிலிருந்து ஹெமட்டோபார்ஃபிரின் என்னும் சாயத்தைப் பிரித்தெடுத்திருந்தார்கள். அது மனிதரை என்ன செய்யும் என்று அறிய விரும்பிய ஃப்ரீட்ரிக் மேயர்–பெட்ஸ் என்னும் மருத்துவர், 1912இல் 200 மில்லிகிராம் அளவைத் தம் உடலிலேயே ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார். பிறகு வெயிலுக்கு வந்தார். முகமும் கைகளும் வீங்கிக் கண்கள் மூடிக்கொண்டன. வாரக்கணக்கில் அவரால் வெளிச்சத்தைத் தாங்க முடியவில்லை. அவருடைய வீங்கிய முகத்தின் புகைப்படத்தை இன்றும் நூல்களில் காணலாம். சாயம் உடல் முழுதும் பரவியிருக்க, கதிரவனோ எல்லா இடத்திலும் ஒளி வீசுகிறான், விளைவு அதுதான். இம்மருத்துவத்தின் முதற் குறை எதுவென்பதை அப்பெருமகனார் தம் முகத்திலேயே எழுதிக் காட்டினார்.

பின்னர் இரு உலகப் போர்கள் வந்து சென்றன. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் லிப்ஸன் முதலியோர் அச்சாயத்தைச் செப்பனிட்டு, புற்றுக் கட்டிகளில் அது மிகுதியாகத் தங்குவதைக் கண்டார்கள். பஃபலோ நகரத்து ராஸ்வெல் பார்க் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தாமஸ் டோஹர்ட்டி என்ற இரசாயன அறிஞரே இதை முறையான மருத்துவமாக்கியவர். 1978இல் அவர் வெளியிட்ட அறிக்கையில், 25 நோயாளிகளின் 113 கட்டிகளுக்குச் சிவப்பொளி காட்டியதில் 111 கட்டிகள் முழுமையாகவோ ஓரளவோ கரைந்தன என்று காண்கிறது. ஃபோட்டோஃப்ரின் என்னும் பெயரில் அம்மருந்து 1993இல் கனடா நாட்டில் சிறுநீர்ப்பைப் புற்றுக்கும், 1995இல் அமெரிக்காவில் உணவுக்குழாய்ப் புற்றுக்கும், 1998இல் தொடக்க நிலை நுரையீரற் புற்றுக்கும் அங்கீகாரம் பெற்றது. ஊசி போட்ட 40 முதல் 50 மணி நேரம் கழித்து, மெல்லிய கண்ணாடி இழை வழியாக 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேஸர் ஒளியை உள்ளே செலுத்துவார்கள். அதன் பிறகு குறைந்தது 30 நாட்கள் நோயாளி வெயிலுக்கு வரலாகாது. நாகபுரியின் மே மாதத்தை அறிந்த நமக்கு இவ்விதியின் கடுமை விளங்கும்.

இக்குறையைப் போக்கிய வழியைப் படித்தபோதுதான் நான் உண்மையில் வியந்தேன். சாயத்தை வெளியிலிருந்து கொண்டு வருவானேன்? உடலையே சாயம் தயாரிக்கச் செய்தால் என்ன? நம் உயிரணுக்கள் குருதிக்கு வேண்டிய செந்நிறப் பொருளைப் படிப்படியாகச் சமைக்கின்றன. அச்சமையலின் முதற் சரக்கு அமினோலெவுலினிக் அமிலம் என்னும் எளிய பொருள், ஏ.எல்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வர். கடைசிக்கு முந்திய படியில் பிறப்பது புரோட்டோபார்ஃபிரின் என்ற சாயம். அதனோடு இரும்பு சேர்ந்தால் சமையல் முடிந்தது. இந்த முதற் சரக்கை வெளியிலிருந்து மிகுதியாகக் கொடுத்தால், நல்ல உயிரணு அதைப் பெரும்பாலும் கடைசிப்படி வரை கொண்டு சென்று முடித்துவிடுகிறது. புற்றுநோய் உயிரணுவோ அவசரக்காரச் சமையற்காரனைப்போல், கடைசிக்கு முந்திய படியிலேயே சாயத்தைக் குவித்து வைத்துக்கொண்டு திணறுகிறது. தன்னைச் சுடப்போகும் விறகைத் தானே அடுக்கிக்கொள்கிறது எனலாம். கனடாவின் கிங்ஸ்டன் நகரில் கென்னெடி, பாட்டியர் என்ற இருவர் இம்முறையைத் தோலில் கையாண்டு 1990இல் வெளியிட்டார்கள். இச்சாயம் ஓரிரு நாட்களில் உடலை விட்டு நீங்கிவிடுவதால், வெயிலுக்கு அஞ்சி மாதக்கணக்கில் ஒளிந்திருக்க வேண்டுவதில்லை.

இதற்கு மற்றொரு பயனும் உண்டு. அச்சாயத்தின் மீது நீல ஒளியைக் காட்டினால் அது சிவப்பாக மின்னும். மூளையில் வளரும் கொடிய கட்டிக்கும் நல்ல மூளைக்கும் நிறவேற்றுமை கண்ணுக்குப் புலப்படாது. அறுவைக்கு முன் ஏ.எல்.ஏ.வைக் குடிக்கக் கொடுத்து, நீல விளக்கின் கீழ் அறுத்தால் கட்டி செந்தணல்போல் தோன்றுகிறது. ஜெர்மனியில் வால்ட்டர் ஷ்டும்மர் என்பவரும் பிறரும் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், கட்டியை முழுமையாக எடுக்க முடிந்தது சாதாரண விளக்கில் நூற்றுக்கு 36 பேருக்கு. நீல விளக்கில் நூற்றுக்கு 65 பேருக்கு. கொல்வதற்கு முன் காட்டிக்கொடுக்கவும் ஒளி உதவுகிறது.

இனி இத்துறையின் புதிய அத்தியாயத்திற்கு வருகிறேன். பார்சல் அலுவலகத்துக்காரனுக்கு இது எளிதில் விளங்கும். இதுவரை சொன்ன முறைகளில் சாயம் விலாசம் எழுதாத மூட்டை; நோயிருக்கும் இடத்தில் கூடுதலாக இறங்கினாலும் மற்ற நிலையங்களிலும் சிறிது சிந்துகிறது. மூட்டைக்கு விலாசம் ஒட்டினால்? நம் உடலில் எதிர்ப்புப் பொருள்கள் என்று சில உண்டு. ஒவ்வொன்றும் ஒரே ஒரு குறியைத் தேடிச் சென்று பற்றிக்கொள்ளும் இயல்புடையது. வாய், தொண்டைப் புற்றுகளின் உயிரணுக்களது மேற்பரப்பில், வளர்ச்சிக்கான ஏவலைப் பெறும் ஒருவகை ஏற்பிகள் அளவுக்கு மீறி முளைத்திருக்கின்றன. அந்த ஏற்பியைப் பற்றும் எதிர்ப்புப் பொருள் ஒன்றின் முதுகில் ஒரு சாயத்தைக் கட்டி அனுப்பினார் ஹிஸாடாகா கோபயாஷி என்னும் ஜப்பானிய மருத்துவர். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் பணிபுரிந்த அவரும் அவர் குழுவினரும் இதனை 2011இல் அறிவித்தார்கள்.

அச்சாயத்தின் பெயர் ஐ.ஆர். 700. அது தாலோஸயனின் என்ற நீலச் சாயக் குடும்பத்தைச் சேர்ந்தது. தங்கள் ஷின்கான்ஸென் அதிவேக ரயிலின் நீல வர்ணத்திற்கும் இக்குடும்பத்துச் சாயமே பயன்படுகிறது என்று ஜப்பானியர் பெருமையோடு கூறுவர். ரயில்வேக்காரனாகிய நான் அதைச் சொல்லாமல் விட இயலவில்லை. மருந்தைக் குருதியில் ஏற்றி ஏறத்தாழ ஒருநாள் கழித்து, 690 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை ஐந்து நிமிடம் போலக் காட்டுகிறார்கள். இங்கே நடப்பது பழைய முறையினும் சற்றே வேறு. ஒளி பட்டவுடன் சாயத்தின் ஒரு பகுதி கழன்று, நீரோடு நட்பாயிருந்த அது நீரை வெறுக்கும் பொருளாகிவிடுகிறது. எதிர்ப்புப் பொருள் அதனோடு சேர்ந்து சுருண்டு, தான் பற்றியிருக்கும் உயிரணுவின் தோலைக் கிழிக்கிறது. வெளிநீர் உட்புகுந்து உயிரணு உப்பி வெடிக்கிறது. வெடித்துச் சிதறிய துணுக்குகளைக் கண்டு உடலின் காவற்படையும் விழித்துக்கொள்வதாகச் சோதனைகள் காட்டுகின்றன. பக்கத்திலிருக்கும் நல்ல உயிரணு, மூட்டை தன் வாயிலில் இறங்காததால், தப்பிவிடுகிறது.

ஜப்பானிய வணிகர் ஹிரோஷி மிகிடானி, தம் தந்தையார் கணையப் புற்றால் துன்புற்ற நாளில் இவ்வாராய்ச்சியைக் கேள்வியுற்று அதற்குப் பெரும்பொருள் உதவினார். தந்தையார் 2013இல் காலமானார். ஆயினும் உதவி நிற்கவில்லை. 2020 செப்டம்பரில், அறுக்க இயலாத நிலையிலுள்ள தலை, கழுத்துப் புற்றுகளுக்கு இம்மருந்தை ஜப்பான் அரசு நிபந்தனையுடன் அனுமதித்தது. இதன் பயனை மிகைப்படுத்தலாகாது. அமெரிக்காவில் எல்லா வைத்தியமும் தோற்றுப்போன 30 நோயாளிகளிடம் செய்த சோதனையில் 13 பேருக்குக் கட்டி சுருங்கியது; அவர்களுள் 4 பேருக்கு முற்றும் மறைந்தது. வலியும் வீக்கமும் உண்டு. தொண்டை வீங்கி மூச்சை அடைக்காதபடி காவல் வேண்டும். கட்டி பெருங்குருதிக் குழாயை அரித்திருந்தால் இம்முறையைத் தொடவே கூடாது.

அன்பர்களே! இவ்வளவையும் கேட்ட பின், இனிக் கத்தி எதற்கு என்று தோன்றும். இங்குதான் நாம் நிதானிக்க வேண்டும். வீட்டிற்குச் சென்று இருட்டறையில் கைவிளக்கை ஏற்றி, அதன் முகத்தை விரலால் மூடிப்பாருங்கள். விரல் சிவந்து தோன்றும். விளக்கின் ஒளியில் எல்லா நிறங்களும் இருக்க, சிவப்பு மட்டுமே சதையை ஊடுருவி வருகிறது. நீலமும் பச்சையும் உள்ளேயே மாய்ந்து போகின்றன. அதனால்தான் சிகிச்சைக்குச் சிவப்பைத் தேடுகிறார்கள். அச்சிவப்புங்கூடச் சில மில்லிமீட்டர் ஆழம் வரையே, மிஞ்சினால் ஒரு சென்டிமீட்டர் வரையே, கொல்லும் வலிமையோடு செல்லும். கண்ணாடி இழைகளைக் கட்டிக்குள் குத்தி ஒளியை ஆழத்திற்குக் கொண்டு செல்லலாம். ஆனால் எங்கெங்கோ பரவிவிட்ட நோயைத் துரத்திச் செல்ல ஒளியால் இயலாது. தெருவிளக்கு தன் காலடிக்குத்தான் வெளிச்சம்.

ஆகவே ஒளி மருத்துவத்தின் வெற்றி, நோய் எத்தனை மில்லிமீட்டர் தடிப்பில் இருக்கும்போது நாம் மருத்துவரிடம் செல்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதைச் சொல்லவே நான் இப்பொருளை எடுத்தேன். ஏனெனில் நாம் வாழும் ஊர் நாகபுரி.

நம் நாட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் முதலிடம் வாய்ப்புற்றுக்கு. 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஓராண்டில் ஏறத்தாழ 1,40,000 பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளானார்கள். இவ்விதர்ப்ப நாட்டின் கர்ராவைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாக்குத்தூள், புகையிலை, சுண்ணாம்பு மூன்றையும் பிளாஸ்டிக் தாளில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றித் தருகிறார்களே, அதுதான். 2012இல் மாநில அரசு குட்காவைத் தடை செய்தது. கர்ரா தேய்க்கும் கை ஓயவில்லை. நம் தமிழர் குடும்பங்களில் இவ்வழக்கம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் மராத்தியை நன்கு பேசுகிறார்கள்; கர்ராவையும் நன்கு போடுகிறார்கள். பாட்டிமாரின் வெற்றிலைப் பெட்டியிலுள்ள புகையிலைக் காம்பும் இதற்கு இளைத்ததன்று. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட நூலில் கூறிவிட்டது.

எங்கள் அலுவலகத்து நண்பர் ஒருவரைப் பற்றி, அவருடைய இசைவு பெற்றுச் சொல்கிறேன். மராத்தியர், என்னினும் ஐந்தாண்டு மூத்தவர், என்னைச் சகோதரன் என்னும் பொருளில் "பாவூ" என்றே அழைப்பார். கர்ராவை இடக்கன்னத்தில் அடக்கிக்கொள்வது அவர் பழக்கம். அதே இடத்தில் ஒரு வெண்திட்டு தோன்றியது. புளியங்கொட்டை அளவுதான், வலி இல்லை. பல் உரசுவதாக எண்ணி எட்டு மாதம் கிராம்புத் தைலம் தடவினார். வாய் முழுமையாகத் திறவாமற் போனதும், காரம் பட்டால் எரிந்ததும்கூட அவருக்கு வயதின் குறிகளாகவே பட்டன. கழுத்தில் கட்டி தெரிந்த பிறகே மருத்துவரிடம் சென்றார். அறுவை மருத்துவர்கள் அவர் உயிரைக் காத்துக் கொடுத்தார்கள். இடப்பக்கத் தாடையைக் காக்க முடியவில்லை. இன்று வாயைக் கைக்குட்டையால் மறைத்தபடி அலுவலகம் வருகிறார். பேச்சு தெளிவில்லாமையால் வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டுவார்.

சென்ற ஆண்டு, ஒளி மருத்துவத்தைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தி ஒன்றை அவருக்குப் படித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டார். பிறகு பழைய பார்சல் ரசீதின் பின்புறத்தில், "பாவூ, இந்த விளக்கு எனக்கு உதவியிருக்குமா?" என்று இந்தியில் எழுதி என் பக்கம் நகர்த்தினார். எனக்கு விடை தெரியவில்லை. அதைத் தேடித்தான் ஓராண்டு படித்தேன்.

விடை அலிகாரில் கிடைத்தது.  அங்குள்ள முஸ்லிம் பல்கலைக் கழகத்தின் ஜவஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும், அமெரிக்காவின் மாஸச்சூஸெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த தய்யபா ஹஸன் அம்மையாரும், பாஸ்டன் நகரத்துப் பேராசிரியர் ஜொனாதன் ஸெல்லியும் கூடி ஒரு சோதனை நடத்தினார்கள். விலையுயர்ந்த லேஸர் இயந்திரம் இல்லை. பாட்டரியில் எரியும் சிவப்பு எல்.இ.டி. விளக்கும், ஒளியைக் கன்னத்தின் உட்புறம் கொண்டு செல்லும் இழையும், சாயம் சேர்ந்திருப்பதைப் படம் பிடிக்க ஒரு கைப்பேசியுமே கருவிகள். மின்சாரம் நின்று போகும் ஊர்களை நினைந்து செய்த ஏற்பாடு அது. கிராமத்து முகாம்களிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் வந்த 30 பேர்; அனைவருக்கும் கன்னத்தின் உட்புறத்தில் தொடக்க நிலைப் புற்று. ஏ.எல்.ஏ. மருந்தைத் தவணைகளாகக் குடிக்கச் செய்து, 635 நானோமீட்டர் ஒளியைக் காட்டினார்கள். மயக்க மருந்து தேவைப்படவில்லை. 34 புண்களில் 26 முற்றும் மறைந்தன. 22 பேரிடம் நோயின் சுவடு காணப்படவில்லை. அழிவு சென்ற ஆழம் மிகுதியாக 7.2 மில்லிமீட்டர். பலிக்காதவற்றிற்குக் காரணம், கட்டி பெரிதாயிருந்ததும் ஒளி போதிய அளவு எட்டாமையும் என்று கண்டார்கள்.

முப்பது பேர் சிறிய எண்ணிக்கைதான். அவர்களைக் கவனித்து வந்த காலமும் சராசரியாக 50 வாரங்களே. எனவே தொடக்க நிலை வாய்ப்புற்றுக்கும் இன்றுவரை அறுவையே முதல் வழி என்பதையும், மருத்துவர் கத்தி என்று சொன்னால் "விளக்கு வரட்டும்" என்று காத்திருப்பது தற்கொலைக்கு ஒப்பாகும் என்பதையும் நம் மருத்துவ நண்பர் அழுத்திச் சொல்லச் சொன்னார். ஒளியால் எந்தப் புற்றையும் போக்குவோம் என்று விளம்பரம் செய்வோரிடமும் அகப்பட வேண்டாம். எந்த உறுப்பு, எத்தனை ஆழம், எந்தச் சாயம், எந்த அலைநீளம் என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்லாத விளக்கு வெறும் விளக்கே.

நண்பரிடம் இதைச் சொன்னேன். புளியங்கொட்டை அளவில் இருந்தபோது உதவியிருக்கக்கூடும். எட்டு மாதம் கழித்து உதவியிராது. ஆனால் அந்த முதல் மாதத்தில் விளக்கே இல்லாமல், சிறு கத்தியே போதுமாயிருந்திருக்கும் என்றேன். ஏமாற்ற மனம் வரவில்லை. அவர் தலையசைத்தார். மறுநாள் தம் மூத்த மகனை அலுவலகத்திற்கு அழைத்து வந்து, என் மேசை விளக்கின் கீழ் அமர்த்தி, வாயைத் திறக்கச் சொல்லிச் சைகை செய்தார்.

இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண், வெண்திட்டு, செந்திட்டு, வாய் திறப்பதில் குறைவு, காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் கட்டி. இவற்றுள் ஒன்று இருப்பினும் வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் வலி இராது.

செயலாளர் அவர்களின் இசைவுடன் ஓர் அறிவிப்பு. நமக்குத் தெரிந்த பல் மருத்துவர் ஒருவர் இன்று வந்திருக்கிறார். மேடைக்குப் பின்னுள்ள அறையில் ஒன்பது மணி வரை இருப்பார். ஒருவர் வாயைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும் என்கிறார், கட்டணம் இல்லை, தாய்மார்களுக்குத் தனி வரிசை உண்டு. யார் என்ன போடுகிறார்கள் என்று அங்கே எவரும் கேட்கமாட்டார்கள். இசை நிகழ்ச்சி ஏழரை மணிக்குத்தான் தொடங்குகிறது. எழுந்து செல்வோரின் நாற்காலிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு இளைஞர்களை நிறுத்தியிருக்கிறேன்.